கவிஞர் மூலைக்குத் தமிழ்க் கையேடு: இன்னும் 820 பவுண்டு வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

லண்டனில் ஆங்கிலக் கவிஞர்களின் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் சுற்றிப் பார்ப்பதற்கான தமிழ்க் கையேடு கலைமகள் அருளால் எழுதி முடிந்தது. அச்சகத்தில் பணம் கட்ட மார்ச் 20 கடைசி நாள். தவறினால், ஷேக்ஸ்பியர் மறைந்த நாளான ஏப்ரல் 23-க்குள் புத்தகம் வராது.

வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்னும் தேவாலயத்தில் 1400-இல் சாசரைப் புதைத்தது அவர் கவிஞர் என்பதற்காக அல்ல. அவர் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், அபே வளாகத்திலேயே குடியிருந்தவர். இப்போதுள்ள கல்லறை 1556-இல்தான் வந்தது. 1599-இல் பக்கத்தில் ஸ்பென்சரை அடக்கம் செய்த பிறகே அது 'கவிஞர் மூலை' என்றானது. பென் ஜான்சனைத் தேடி அங்கே நிற்காதீர்கள். அவர் நடுக்கூடத்தில், நின்ற நிலையில் புதைக்கப்பட்டவர். பைரனை 1824-இல் உள்ளே விடவில்லை, நடத்தை சரியில்லையாம். 1969-இல்தான் கல் பதித்தார்கள். நாடகாசிரியர் மார்லோவுக்கு 2002-இல் வைத்த கண்ணாடிச் சாளரத்தில், மறைந்த ஆண்டான 1593-க்கு முன்னால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அது அச்சுப்பிழை அல்ல, மெய்ப்பு பார்ப்பவர்கள் கை வைக்க வேண்டாம்.

ஷேக்ஸ்பியரின் கல்லறை அவர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில். அபேயில் இருப்பது 1740-இல் வைத்த சிலை. அதன் சுருளில் உள்ள 'டெம்பெஸ்ட்' வரிகள் நாடகத்தில் உள்ளபடி இல்லை. கல்லில் உள்ளதையே மொழிபெயர்த்திருக்கிறோம். மேலே லத்தீனில், 'பொதுமக்களின் அன்பு நிறுவியது' என்று பொறித்திருக்கிறது. நாடகம் போட்டு வசூலித்த காசு அது. அவர் பிறந்த வீட்டை 1847-இல் 3,000 பவுண்டுக்கு வாங்கியதும் நன்கொடையில்தான். லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில் கவிஞர் பிளேக்கின் கல்லறை இருந்த சரியான இடத்தில் 2018-இல் கல் நட்டதும் வாசகர்கள் சேர்த்த பணத்தில்.

இனி கணக்கு. 1,000 பிரதி, 48 பக்கம், அச்சுக்கூலி 1,480 பவுண்டு. வரைபடம் 350. படங்களுக்கான உரிமைக் கட்டணம் 420. ஆக 2,250. கையிருப்பு 1,430.

மலிவுத் தாளில் போடலாமே என்கிறார்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் பன்ஹில் ஃபீல்ட்ஸ் மழையில் ஒரே நாளில் கூழாகும். பளபளப்புத் தாளோ அபேயின் விளக்கில் கண்ணைக் கூசவைக்கும். அதனால்தான் 130 ஜிஎஸ்எம் மங்கல் தாள். நடுவில் மடித்துக் கம்பிப் பின் அடிப்பதால் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினாலும் 52 பக்கத்துக்குக் காசு. முதல் மாதிரியில் எழுத்துரு மாறி, 'கொ'வின் கொம்பு தனியே கழன்று முந்தைய வரியின் கடைசியில் போய் நின்றது. திருத்தியாயிற்று. இன்னொரு மாதிரி அவசியம் பார்க்க வேண்டும். அந்தச் செலவும் 1,480-க்குள் அடக்கம்.

இதுவரை கொடுத்த 62 பேருக்கும் கைகூப்பி நன்றி. இட்லி மாவு விற்று 110 பவுண்டு தந்த தாய்மார்களுக்கும், பெயர் போட வேண்டாம் என்று சொல்லி உறையில் 200 வைத்துப் போன பெரியவருக்கும், உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே 14 பவுண்டு 35 பென்ஸ் எண்ணி வைத்த பிள்ளைகளுக்கும், கூலி வாங்காமல் மெய்ப்பு பார்த்த இரண்டு ஆசிரியைகளுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது!

சென்ற கூட்டத்தில் தருவதாகக் கை தூக்கிய சிலரின் தொகை இன்னும் வரவில்லை. பெயர் சொல்ல மனமில்லை. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த போப்பையர் கல்லறையில் பூ வைக்க ஆக்ஸ்போர்டு வரை போகிறோம். லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் கல்லூரி வளாகத்தில் வள்ளுவருக்குச் சிலை வைக்க இந்த ஊர் இடம் கொடுத்திருக்கிறது. இந்த ஊர்க் கவிஞர்களுக்கு நாம் 20 பவுண்டு தரக் கூடாதா?

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பொருளாளர் இருப்பார். ரசீது உண்டு. 20 பவுண்டுக்கு மேல் தருவோருக்கு ஒரு பிரதி வீடு தேடி வரும். ஞாயிறு அன்று அபேயில் வழிபாடு மட்டுமே, சுற்றிப் பார்க்க விடுவதில்லை. ஆகவே முதல் சுற்றுலா ஒரு சனிக்கிழமையில்தான்.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர்