யூலாஞ்சரில் உதவிய நண்பருக்கு நன்றி

பெயர் தெரியாத அந்த நண்பருக்கு மனமார்ந்த நன்றி. லினக்ஸ் கணினியில் செயலிகளைத் தேடித் திறக்க உதவும் மென்பொருள் யூலாஞ்சர். திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலாண்டுக்கு மாறியபின் கண்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தினால் அதன் தேடல் பெட்டி வரவே இல்லை. என் புகாரை நீங்கள் தட்டிக்கழிக்கவில்லை. காரணத்தைப் பொறுமையாக விளக்கினீர்கள்: பழைய முறையான எக்ஸ்11-இல் நடப்பதுபோல, வேலாண்டில் ஒரு செயலி நினைத்தபடி விசைகளைத் தனக்கெனப் பிடித்துக்கொள்ள முடியாது; பாதுகாப்புக்காகவே அந்தக் கட்டுப்பாடு. அதனால் டெஸ்க்டாப் அமைப்புகளுக்குப் போய், தேடல் பெட்டியைத் திறந்து மூடும் 'யூலாஞ்சர்-டாகிள்' (ulauncher-toggle) கட்டளைக்கு நாமே குறுக்குவிசை வைக்க வேண்டும். வைத்தேன், பெட்டி உடனே வந்தது.

அப்புறம் ஒன்று சொன்னீர்களே, "இதை நீங்களே உதவிக் குறிப்பாக எழுதித் தாருங்களேன்" என்று, அதுதான் எனக்குப் பெரிது. நிரல் எழுதத் தெரியாதவரும் திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்கலாம் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எழுதியதை வரிவரியாகப் படித்துத் திருத்தியும் கொடுத்தீர்கள். ஜினோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் பயனர்களுக்கான படிகளை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.