ஹவோமாருவின் பிறை வெட்டு: சொக்குவுக்கு ஒரு கடிதம்

காரைக்குடி,
மார்கழி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோலாலம்பூரிலும் எல்லாரும் கூடிப் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொண்டீர்கள் என்று வாசித்துக் காட்டியதும் ஆச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "புள்ள இழை மாவை முழுங்குச்சாமா?" என்று கேட்டார்கள். இங்கே பங்காளிகள் பாதிப்பேர்தான் வர முடிந்தது. வளவைச் சுற்றி ஓடு மாற்றும் வேலை நடக்கிறது. பழைய நாட்டு ஓடு கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. மற்றபடி எல்லாரும் நலம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் நாம் ஆடிய அந்த வாள்சண்டை வீடியோ கேம், சாமுராய் ஷோடவுன், ஆடத் தொடங்கியிருக்கிறாள் என்றும், அதில் வரும் வாள்வீரன் ஹவோமாருவுக்கு உரிய அடி எது என்று கேட்டாள் என்றும், நீ சூறாவளி என்ற அடியைக் காட்டினாய் என்றும் எழுதியிருக்கிறாய். சொக்கு, அதை மாற்றிச் சொல்லிவிடு. சூறாவளி நல்ல அடிதான். தரையோடு சுழன்று போய் எதிராளியை மேலே தூக்கி எறியும்போது பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் ஹவோமாரு யார் என்று சொல்வது அதுவல்ல. மேலே எழும்பி, குதித்து வருகிறவனை வெட்டுவானே, நாம் பிறை வெட்டு என்று கூப்பிட்டோமே, அந்தக் கொகெட்சுசான்தான்.

காரணம் விரலில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் தடுப்பு என்றால் ஜாய்ஸ்டிக்கை எதிராளியை விட்டுப் பின்னால் பிடிப்பது. சூறாவளிக்குக் கீழ், கீழ்-முன் மூலை, முன் என்று உருட்டி வெட்டு பட்டனைத் தட்ட வேண்டும். குனிந்து தடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த உருட்டலைத் தொடங்கிவிடலாம். பிறை வெட்டுக்கு வரிசை வேறு: முன், கீழ், கீழ்-முன் மூலை, பிறகு வெட்டு. ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்து வருகிறான். விரல் பின்னாலே போகத்தான் துடிக்கும். அந்த நேரத்தில் தடுப்பை விட்டுவிட்டு, வருகிறவனை நோக்கி முதலில் ஒரு தள்ளு தள்ள வேண்டும். அந்த ஒரு தள்ளில்தான் ஹவோமாருவின் துணிச்சல் முழுவதும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையில் அந்தத் துணிச்சல் இல்லாதவனுக்குத் திரையில் வெட்டு வராது.

இந்த வரிசை சாமுராய் ஷோடவுனில் பிறந்ததல்ல. 1987-இல் காப்காம் கம்பெனி வெளியிட்ட முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் சண்டை ஆட்டத்திலேயே, ரியூ என்ற வீரன் எழும்பிக் குத்தும் ஷோர்யூகென்னுக்கு இதே முன்-கீழ்-மூலைதான். 1993-இல் எஸ்என்கே கம்பெனி தன் நியோ ஜியோ இயந்திரத்தில் சாமுராய் ஷோடவுனைக் கொண்டுவந்தபோது, முஷ்டியின் இடத்துக்கு வாள் வந்தது. அதோடு கணக்கே மாறிவிட்டது. மற்ற ஆட்டங்களில் சின்னச் சின்ன அடியாகக் கோத்துக் கோத்து ஆளைக் கரைப்பார்கள். இதில் ஒரு பலத்த வெட்டு ஒழுங்காக விழுந்தால் லைஃபில் பெரிய துண்டு போய்விடும். அடி வாங்க வாங்கக் கோபக்கோடு வேறு ஏறும். அது நிரம்பியவன் வெட்டினால் இன்னும் பலமாக விழும். பிறை வெட்டு தவறினால் ஹவோமாரு மேலே போய்விட்டுக் கீழே இறங்கும்வரை அவனால் எதுவும் செய்ய முடியாது. கீழே நிற்பவன் நிதானமாக வாளை ஓங்கிக் காத்திருக்கலாம்.

அதனால்தான் சூறாவளியும் வேண்டும். தூரத்தில் நின்று சூறாவளியை விடு. அதைத் தாண்ட எதிராளி குதிப்பான். குதித்தவனுக்கு ஆகாயத்தில் வழி மாற்ற முடியாது. அவன் இறங்கும் இடத்தில் பிறை வெட்டு. ஆனால் கிட்டத்தில் நின்றபடி அதை விட்டால், சூறாவளியை விட்ட கை மீளுமுன் அவன் தலைமேல் வந்துவிடுவான். எவ்வளவு தள்ளி நிற்பது என்பதைச் சொல்லிக்கொடுத்துத் தெரியாது, ஆடித்தான் தெரிய வேண்டும். உன் மகளுக்கு இன்னொன்றும் சொல். முன்னால் நடந்துகொண்டே சூறாவளிக்கு உருட்டினால், 'முன்' ஏற்கெனவே கையில் இருப்பதால், பெரும்பாலும் பிறை வெட்டு வெறும் வானத்தில் கிளம்பிவிடும். தம்பி மகன் பட்டாலையில் உட்கார்ந்து ஆடும்போது நாள் முழுக்க இதே கதைதான். நடையை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு உருட்டச் சொல்லியிருக்கிறேன்.

காலேஜ் ரோடு பக்கத்து ப்ரவுசிங் சென்டரில் நாம் ஒரே கீபோர்டில் ஆளுக்குப் பாதி பிடித்து ஆடியது நினைவிருக்கிறதா? நாலைந்து கீ சேர்ந்து அமுங்கினால் ஒன்று வேலை செய்யாது. அந்த நெரிசலிலும் நீ உக்யோ என்ற வாள்வீரனைத்தான் எடுப்பாய். இருமி இருமி ரத்தம் துப்பிக்கொண்டே வாளுருவும் அவன்மேல் உனக்கு அப்படி ஒரு பாசம். குதித்து அவனுடைய நெருப்புத் தகைவிலான் பறவை அடியை விடுவாய். அவன் அடி காற்றில் பிறப்பது, என் அடி காற்றில் வருகிறவனுக்காகவே இருப்பது. ஹவோமாருவுக்கு மூலம் நிஜமாகவே வாழ்ந்த ஜப்பானிய வாள்வீரர் மியமோட்டோ முசாஷி, உக்யோவுக்கு அவரோடு மோதிய சசாகி கொஜிரோ. 1612-இல் கன்ரியூ தீவில் மோதிய இருவரும்தான் அந்தத் திரையில் நம் கைகளுக்குள் வந்தார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. படகுத் துடுப்பைச் செதுக்கிச் செய்த மரவாளால் முசாஷி அன்று ஜெயித்ததாகச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் தம்பி மகனைச் சிலம்பத்துக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே ஆசான் பையன்களிடம் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "வீசுறவன்கிட்ட இருந்து பின்னால ஓடாத, உள்ள போ. கம்போட வேகமெல்லாம் நுனியிலதான்." உண்மைதான். சுழலும் கம்பில் கைப்பிடிப் பக்கம் மெதுவாகத்தான் நகரும், நுனிதான் பறக்கும். பையன்களுக்கு அந்த ஓரடி எடுத்து வைக்கவே மாதக்கணக்காகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹவோமாருவின் 'முன்' ஞாபகம் வருகிறது. யாரிடம் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் மகள் 2019-இல் வந்த புது ஆட்டத்தைத்தான் ஆடுகிறாள் போலிருக்கிறது. அதிலும் ஹவோமாரு, உக்யோ இருவரும் உண்டு, நாம் ஆடிய அதே அடிகளோடு. அவள் யாரை எடுத்தாலும் சரி, வலப்பக்கம் நின்று இடப்பக்கம் பார்த்தும் பழகட்டும். வரிசை கண்ணாடிபோலத் திரும்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் பழகிய கை மறுபக்கம் போனதும் தடுமாறும்.

ஒரு உதவி. அங்கே கிடைத்தால் சான்வா கம்பெனி லீவர் வைத்த ஆர்கேட் ஸ்டிக் (பெரிய ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் உள்ள பலகை) ஒன்று வாங்கி வா. உள்ளே லீவரின் அசைவைத் தடுக்கும் சட்டம், அதாவது கேட், சதுரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். லீவர் மூலையில் போய் இடிப்பது கைக்குத் தெரிந்தால் பையன் கீழ்-முன் மூலையைத் தானாகப் பிடித்துவிடுவான். பணம் வந்ததும் தருகிறேன். தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய், தேதி முடிவானதும் சொல். திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
வயிரவன்