பகவதியின் மறுப்பு

ஆசிரியருக்கு,

மரண தண்டனை பற்றிய தலையங்கம், அத்தண்டனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பச்சன் சிங் வழக்கின் (1980) ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டுமே தூக்கு என்ற அளவுகோலோடு நின்றுவிட்டது. ஐந்து நீதிபதிகளில் பி.என்.பகவதி மட்டும், இத்தண்டனை அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 21ஆவது (உயிர்வாழும் உரிமை) பிரிவுகளுக்கு முரண் என்றார். அதற்கான விரிவான காரணங்கள் வந்ததோ 1982இல்!

எந்த அமர்வு விசாரிக்கிறது என்பதை வைத்து உயிர் போவதா என்பது அவர் கவலை. ஹர்பன்ஸ் சிங் வழக்கில் மூவருக்கும் ஒரே குற்றம், ஒரே தூக்கு. ஒருவருக்கு ஆயுளாகக் குறைந்தது. இன்னொருவர் 1981இல் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் கடைசி நேரத் தடையால் தப்பினார். சரி, கொடியவர்களுக்கு இரக்கம் எதற்கு என்பீர்கள். இரக்கத்தை விடுங்கள், மூவருக்கும் ஒரே நியாயமாவது வேண்டாமா? 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப், மரண தண்டனை தேவையா என்பதையே மறுபரிசீலனை செய்யக் கோரினார். அமர்வில் உடனிருந்த நீதிபதிகள் இருவர் அதை ஏற்கவில்லை.

- ஒரு வாசகர்