கப்பில் முத்திரை வேண்டாம், டம்ளரில் பெயர் வெட்டுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் பொன்விழாக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் உங்கள் பழைய மாணவன். இப்போது சிவகாசியில் பெட்டி, லேபிள், உறை என்று அச்சாகிற எதற்கும் ஆர்ட்வொர்க் போட்டுப் பிழைக்கிறேன். பொன்விழாவை ஒட்டிக் கேன்டீன் காபி இனிப் பல்கலைக்கழக முத்திரை அச்சிட்ட டேக்அவே கப்பில்தான் கிடைக்கும், அந்தக் கப்பை வடிவமைக்க ஒரு போட்டி, முன்னாள் மாணவர்களும் கலந்துகொள்ளலாம் என்று வந்த அறிவிப்பைக் கூடப்படித்தவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான், "உன் ஏரியாடா" என்ற குறிப்போடு. ஆமாம், என் ஏரியாதான். அதனால்தான் போட்டிக்குப் படம் அனுப்பாமல் கடிதம் எழுதுகிறேன்.

விதிமுறையைப் படித்தேன். முத்திரை, பொன்விழாச் சின்னம், குறிக்கோள் வாசகம், ஒரு திருக்குறள், இணையதளத்துக்கு ஒரு கியூஆர் கோடு, இவ்வளவும் கப்பில் இருக்க வேண்டுமாம். அளவு என்று ஒரு நீள்சதுரம் கொடுத்திருக்கிறீர்கள். அங்கேயே எனக்குத் தலை சுற்றியது.

பேப்பர் கப் நீள்சதுரத் தாளைச் சுருட்டிச் செய்வதில்லை. அது மேலே அகன்று கீழே குறுகும் கூம்பின் ஒரு துண்டு, பிரித்து விரித்தால் விசிறி மாதிரி வளைந்திருக்கும். மேல் விட்டம் 7 செ.மீ., கீழ் விட்டம் 5 செ.மீ., உயரம் 7.5 செ.மீ. என்று ஒரு கப்பை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள் (உங்களிடம் கணிதத் துறையே இருக்கிறது). விசிறியின் மேல் வளைவுக்கு ஆரம் ஏறத்தாழ 26.5 செ.மீ., கீழ் வளைவுக்கு 19 செ.மீ. சுற்றளவு முழுக்க ஓடுகிற மாதிரி இதில் ஒரு வரியை நேராக எழுதினால், கப்பாகச் சுருட்டியதும் முன்பக்கம் தொய்ந்து, ஒட்டும் இடத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. மேலே ஏறி நிற்கும். கொடியில் ஈர வேட்டி போட்ட மாதிரி. கப்பில் நேராகத் தெரிய வேண்டுமென்றால் ஆர்ட்வொர்க்கில் ஒவ்வொரு எழுத்தையும் அந்த வளைவுக்கு ஏற்றபடி சாய்த்து வைக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2016இல் ஒரு கல்லூரிக்குக் கப் செய்து கொடுத்தேன். கல்லூரிச் சின்னத்தில் ஒரு கோபுரம், ஒரு பல்சக்கரம், ஒரு புத்தகம், இரண்டு யானை. திரையில் அழகாகத்தான் இருந்தது. கப் தாளை வெட்டுகிற அச்சின் வரைபடத்தை (டை என்போம்) வாங்கிப் பார்க்காமல் நானாகவே அளவு போட்டேன். கப் வந்தபோது ஒரு யானை ஒட்டும் மடிப்புக்குள் பாதி போயிருந்தது, கோபுரத்தின் உச்சி விளிம்பைச் சுருட்டுகிற இடத்தில் சிக்கிக் கலசம் காணாமல் போயிருந்தது. கல்லூரி முதல்வர் கப்பைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "யானை எங்கே தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னைத் துரத்துகிறது. மேலே ஒரு செ.மீ., கீழே ஒரு செ.மீ., ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் என்று விட்டுவிட்டுத்தான் எதையும் வைக்க வேண்டும். உதடு படும் இடத்தில் மை இருக்கவே கூடாது. அப்புறம், கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கித்தான் வைப்பார்கள், ஒரு கப்பின் அச்சடித்த வெளிப்பக்கம் அடுத்த கப்பின் உள்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல்கலைக்கழக நிறம் என்று கப் முழுக்க அடர் ஊதாவை அப்பச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அளவையும் கவனியுங்கள். இணையத்தில் பார்க்கிற மாதிரிப் படங்களில் இருக்கும் கப் 350 மில்லி, மூடி போட்டது. நம் கேன்டீனில் காபி 100 மில்லிகூட இருக்காது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தக் கப்பில் முத்திரை வைக்கக் கிடைப்பது ஒரு தீப்பெட்டி லேபிள் அளவு இடம். தீப்பெட்டி லேபிளில் என்ன வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம் என்று சிவகாசிக்காரனுக்குத் தெரியும். ஒரு கிளி, ஒரு பெயர், அவ்வளவுதான்.

கப் வடிவமைப்பு என்றால் உலகமே காட்டுகிற உதாரணம் நியூயார்க்கின் 'ஆந்தோரா' என்ற பேப்பர் கப். 1963இல் ஷெர்ரி கப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்த லெஸ்லி பக் வரைந்தது. அவர் ஓவியம் படித்தவர் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, நாஜி முகாம்களில் உயிர் தப்பி அமெரிக்கா வந்தவர். நியூயார்க்கில் கிரேக்கர்கள் நடத்திய உணவுக்கடைகள் நிறைய, அவர்களுக்குப் பிடிக்கட்டும் என்று கிரேக்கக் கொடியின் நீலமும் வெள்ளையும், ஒரு பழங்காலக் குடுவை, 'உங்களுக்குப் பரிமாறுவதில் எங்களுக்கு மகிழ்ச்சி' என்கிற மாதிரி ஒரு வரி. கடைப்பெயர் கிடையாது, கம்பெனிச் சின்னம் கிடையாது, அதனாலேயே எந்தக் கடையும் வாங்கிக்கொள்ள முடிந்தது, கடைசியில் அது ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. குடிக்கிறவனைப் பார்த்துப் பேசிய கப் அது. உங்கள் பட்டியலில் இருக்கிற ஐந்தும் பல்கலைக்கழகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறவை.

அதில் திருக்குறளும் குறிக்கோள் வாசகமும் எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் இடிக்கிறது. காலில் ஒரு தாள் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் இன்னும் நம்மில் பாதிப்பேருக்கு விடவில்லை. அது மளிகைக்கடைப் பில்லாக இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட ஊரில் வள்ளுவரையும் முத்திரையையும் ஒரு கப்பில் அச்சடித்து, ஐந்து நிமிடத்தில் குடித்து, கசக்கி, தேர்வுக்கூடத்து வாசலில் போட வைக்கப்போகிறீர்களா? வாக்கிங் போகிறவர் மிதிப்பார், மாடு மெல்லும், மழை பெய்தால் ஐம்பது முத்திரை வரிசையாகச் சாக்கடையில் மிதந்து போகும். குப்பையில் கிடக்கிற கப் யாருடையது என்று இப்போதாவது தெரியாது. இனிமேல் நீங்களே பெயர் போட்டுக் கொடுக்கிறீர்கள்.

சரி, வடிவமைப்பை விடுங்கள். இந்தக் கப் சட்டப்படி இருக்கலாமா என்று யாராவது பார்த்தீர்களா? 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த 14 பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் இருக்கிறது. பேப்பர் கப் தயாரிப்பாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, 2023 அக்டோபர் 20 அன்று வந்த தீர்ப்பு கப் மீதான தடையை அப்படியே வைத்தது. டீக்கடைக்கு டீக்கடை இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பீர்கள், ஓடுகிறது, நானும் அதில்தான் குடிக்கிறேன். ஆனால் டீக்கடைக்காரர் அதில் தன் முத்திரையை அச்சடித்துப் பொன்விழா கொண்டாடுவதில்லை. பிளாஸ்டிக் இல்லாத பூச்சு என்று ஒரு விற்பனையாளர் உங்களிடம் கட்டாயம் வருவார். நல்லது, ஆய்வகச் சான்றைக் கேளுங்கள், உங்கள் வேதியியல் துறையிலேயே ஒரு கப்பைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கிற அந்த மெல்லிய பூச்சு சும்மாவும் இருப்பதில்லை. 2020இல் காரக்பூர் ஐஐடியில் செய்த ஆய்வில், 85 முதல் 90 டிகிரிச் சூட்டில் 100 மில்லியை 15 நிமிடம் கப்பில் வைத்திருந்தபோது ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்திருந்தன. விடுதி மாணவன் ஒருவன் ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பாத்திரக்கடைக்குப் போங்கள். எவர்சில்வர் டம்ளர் வாங்குங்கள், பெயர் வெட்டச் சொல்லுங்கள். கல்யாணச் சீருக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, "அன்பளிப்பு" என்று போட்டுத் தேதியும் பெயரும் புள்ளி புள்ளியாய் வெட்டித் தருவார்களே, அதுதான். என் அம்மா வீட்டில் இன்றும் புழங்குகிற ஒரு டம்ளரில் அவருடைய சித்தப்பா பெயரும் 1974 என்ற ஆண்டும் இருக்கிறது. அந்தச் சித்தப்பா போய் இருபது வருஷமாகிறது, தினமும் காலையில் அம்மா அவர் பெயரைக் கையில் பிடித்துத்தான் காபி குடிக்கிறார். நீங்கள் பிராண்டிங் என்று சொல்வதை நம்மூர்ப் பாத்திரக்கடைக்காரர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். புள்ளியால் வெட்டுவதில் இன்னொரு நன்மை, நுணுக்கமான முத்திரை அதில் வராது, நீங்களாகவே ஒரு பெயர், ஓர் ஆண்டு என்று சுருக்கிக்கொள்வீர்கள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் நியாயம்தான். ரயில் நிலையத்துத் தண்ணீர்ப் பானையில் டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த தேசம் இது. முன்பணம் வாங்குங்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரம் 2016இல் ஒரு யூரோ முன்பணத்துக்குக் கப் கொடுத்துத் திரும்ப வாங்கத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நீலகிரியில் 2022இல் தொடங்கிய டாஸ்மாக் ஏற்பாட்டைப் பாருங்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலிப் பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்ப. குடித்துவிட்டு வருகிறவரே பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும்போது, காபி குடித்த முனைவர் பட்ட மாணவர் கொடுக்க மாட்டாரா? நூலகத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ஆய்வகங்களுக்கு நடுவில் ஒன்று, விடுதி வாசலில் ஒன்று என்று திரும்ப வைக்கும் கூடைகள் வேண்டும், கூடை கேன்டீன் வாசலில் மட்டும் இருந்தால் திட்டம் ஒரு வாரத்தில் படுத்துவிடும்.

கழுவுவது யார் என்பதுதான் உண்மையான கேள்வி. கேன்டீன் அக்காக்கள் ஏற்கெனவே குனிந்த தலை நிமிராமல்தான் வேலை செய்கிறார்கள், அவர்கள் தலையில் இன்னும் சில நூறு டம்ளரைக் கட்டிவிட்டுச் சுற்றுச்சூழல் விருது வாங்கிக்கொள்ளாதீர்கள். கப் அச்சடிக்க ஒதுக்கிய பணத்தில் வெந்நீரில் கழுவுகிற இயந்திரம் ஒன்றும், இரண்டு பேருக்குச் சம்பளமும் கொடுங்கள். தண்ணீர் செலவாகும், ஆமாம். பருவமழை பொய்த்த வருஷத்தில் இது சுலபமாக இருக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தூக்கி எறிகிற கப்புக்கு நம் ஊர்களில் சுகாதாரம் மட்டும் காரணமாக இருந்ததில்லை. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், தலித்துக்குத் தூக்கி எறியும் கப் என்று வைத்திருந்த டீக்கடைகளின் கதை உங்கள் சமூகவியல் துறைக்குத் தெரியும். அதனால் டம்ளர் வருகிறபோது எல்லாருக்கும் ஒரே டம்ளர் என்று எழுதிவையுங்கள். ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குப் பீங்கான் கோப்பை, மாணவருக்கு எவர்சில்வர் என்று ஆரம்பிக்க வேண்டாம். துணைவேந்தர் அறைக்கும் அதே கூடையிலிருந்துதான் போக வேண்டும்.

போட்டிக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளி. நேற்று பாத்திரக்கடைக்குப் போய் ஒரு டம்ளர் எடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆண்டையும் வெட்டி வாங்கி வந்துவிட்டேன். ஒட்டும் இடம் இல்லாததால் யானைக்கு ஆபத்தில்லை. உங்கள் இணையப் படிவம் ஜேபெக் படக் கோப்புகளை மட்டும்தான் ஏற்றுக்கொள்கிறது. டம்ளரை எந்த அறையில், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவன், சிவகாசியிலிருந்து