மரக்கறி உணவு விழா: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்

அரசு உயர்நிலைப் பள்ளி,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வரும் அக்டோபர் 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதாவது காலாண்டு விடுமுறையின் கடைசி நாளன்று, காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நம் பள்ளித் திடலில் ஊர் மக்கள் அனைவரும் கலந்துகொள்ளும் மரக்கறி உணவு விழாவை நடத்துவதெனப் பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்துள்ளது. சென்ற வாரம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய அறிவிப்பு சில வீடுகளில் மகிழ்ச்சியையும் சில வீடுகளில் ஐயத்தையும் உண்டாக்கியிருப்பதாக அறிகிறேன். நான்கே வரிகளில் அதை எழுதியது என் பிழை. ஆகையால் இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண்ணம் பிறந்த இடம் சத்துணவுக் கூடம். மதிய வேளையில் நான் அங்கே நிற்பது வழக்கம். சாம்பாரில் விழுந்த கத்தரிக்காயும் பூசணியும் முள்ளங்கியும் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒதுக்கி வைக்கப்பட்டு, கைகழுவும் இடத்து வாளியில் போய்ச் சேருவதை நாள்தோறும் பார்க்கிறேன். நம் வட்டத்து இலவம்பாடியில் விளையும் முள் கத்தரிக்காய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள் நிறைந்த அந்தச் செடியில் கை கிழியக் காய் பறிக்கும் குடும்பங்களின் பிள்ளைகளே அந்தக் காயை வாளியில் தள்ளுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளைக் கடிந்துகொள்வதால் இது மாறாது என்பதை முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் கற்றிருக்கிறேன். நன்றாகச் சமைத்துக் கொடுத்தால் ஒருவேளை மாறலாம்.

விழாவுக்கு வைத்த பெயரைப் பற்றி ஒரு சொல். 'சைவ உணவு விழா' என்றே முதலில் பேசினோம். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயருமாகும். அச்சொல்லைக் கேட்டதும் இது தங்களுக்கானதன்று என்று சில வீட்டார் விலகிவிடக் கூடும் என்பதால் 'மரக்கறி' என்ற பழைய சொல்லைத் தேர்ந்தோம். மேலும், புலால் உண்ணாமை இந்த மண்ணில் ஒரே வழியாக வந்ததுமில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணரான நயினார் குடும்பங்கள் புலாலை விலக்குவதோடு, பொழுது சாய்ந்தபின் உண்பதையும் தவிர்ப்பவர்கள். காட்பாடிக்கு வடக்கேயுள்ள வள்ளிமலையில் அவர்களுடைய சமயத்தாரின் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. அதே மலையில்தான் வள்ளி தினைப்புனம் காத்தாள் என்று நாம் சொல்லி வருகிறோம். ஆகவே தினைமாவும் தேனும் இல்லாமல் நம் விழா நடக்காது.

அக்டோபர் 5ஆம் தேதியைத் தேர்ந்ததற்கும் காரணமுண்டு. அது 1823ஆம் ஆண்டு மருதூரில் பிறந்த வள்ளலாரின் பிறந்த நாள். தமிழ்நாடு அரசு அதனைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கிறது. கொலையையும் புலாலையும் அவரைப்போல் உறுதியாக மறுத்தவர்கள் குறைவு. ஆனால் 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய, இன்றும் அடுப்பு அணையாத தருமச்சாலையில், பசித்து வந்தவரிடம் சாதியும் சமயமும் கேட்கப்படுவதில்லை. புலால் உண்பவரைக்கூடப் பசி தீர்க்கும் அறத்திலிருந்து அவர் விலக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதனை இவ்வளவு வற்புறுத்தக் காரணம், அறிவிப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்த இரண்டு கேள்விகள். இனிமேல் பள்ளிக்கு மீனோ கறியோ கொடுத்தனுப்பக் கூடாதா என்று ஒரு தாயார் தயங்கித் தயங்கிக் கேட்டார். முட்டை உண்ணும் பிள்ளைகளைத் தனி வரிசையில் அமர்த்தலாமே என்று வேறொரு பெற்றோர் கேட்டார். இரண்டுக்கும் என் பதில் 'இல்லை' என்பதே. சத்துணவில் முட்டை இப்போதுபோலவே வழங்கப்படும். முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் இப்போதுபோலவே கிடைக்கும். அனைவரும் ஒரே வரிசையில் அமர்வார்கள். எந்தப் பிள்ளையின் டிபன் பாக்ஸையும் எவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். உணவைச் சொல்லி ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை இழிவாகப் பேசினால், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், நான் நேரில் விசாரிப்பேன். என்னைப் பற்றியும் மறைக்க வேண்டியதில்லை: ஆடி மாதக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டு வளர்ந்தவன் நான். இப்போது வாரத்தில் ஐந்து நாள் மரக்கறி உண்கிறேன், அதுவும் மருத்துவர் சொன்ன பிறகு.

இனி உணவுக்கு வருகிறேன். புதுமையான பண்டங்களைத் தேடி அலைய வேண்டாம். கேழ்வரகுக் களியும் அதற்கேற்ற கீரைக் கடைசலும், சுட்டுக் கடைந்த முள் கத்தரிக்காய், மொச்சைக் குழம்பு, ஜவ்வாது மலைச் சாமையில் பொங்கல், வேகவைத்த மல்லாட்டை (நிலக்கடலை) ஆகியவையே போதும். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்த் தொக்கைச் செய்து தர இசைந்துள்ளனர். பிரியாணியை விட்டுவிட்டுத் தொக்கை மட்டும் தருவது தங்களுக்குச் சற்று மனக்கஷ்டம்தான் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பாட்டிமார்கள் அம்மியும் உரலும் கொண்டுவந்து செய்து காட்டினால் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். வகுப்பில் நாங்கள் சொல்வதைவிட அது மனத்தில் நிற்கும்.

முழுவதும் மரக்கறி உண்ணும் குடும்பத்தினர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வைட்டமின் பி12 காய்கறியிலோ தானியத்திலோ இயல்பாகக் கிடைப்பதில்லை. பால், தயிர் உண்பவர்களுக்கு அவற்றிலிருந்து கிடைக்கும், பாலையும் தவிர்ப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை என்பதால் அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்பது நல்லது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் அந்தச் சத்தைத் தடுத்துவிடும். நம் பள்ளிப் பெண் பிள்ளைகளில் சோர்ந்து காணப்படுவோர் பலர் காலையில் வெறும் டீயும் பிஸ்கட்டுமாக வருகிறார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். அரிசியோடு பருப்பு சேரும்போது ஒன்றில் குறைந்த புரதக் கூறுகளை மற்றொன்று ஈடுசெய்கிறது. இட்லி மாவில் உளுந்து சேர்வதன் நன்மையும் இதுவே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முளைகட்டி அரைத்தால் அது உடலில் சேர்வது இன்னும் எளிதாகும்.

விழாவில் உணவுக்குக் கட்டணம் இல்லை. ஒரு குடும்பம் ஒரே பண்டத்தை, இருபது பேர் சுவை பார்க்கும் அளவில் கொண்டுவந்தால் போதும். பால், நெய், மல்லாட்டை சேர்ந்த பண்டங்களில் அதனைச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். மல்லாட்டை ஒவ்வாத பிள்ளைகள் நம் பள்ளியில் உள்ளனர். நெகிழித் தட்டுகளும் டம்ளர்களும் 2019ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளன என்பதை அனைவரும் அறிவீர்கள். வாழை இலையும் தையல் இலையும் பள்ளியிலேயே இருக்கும். வெயில் கடுமையாக இருக்கக் கூடும் என்பதால் திடலில் பந்தல் போடப்படும். சமைத்த பண்டங்களை காலை 9.30 மணிக்கு முன் கொண்டுவர வேண்டாம்.

எந்தப் பண்டம் கொண்டுவருகிறீர்கள் என்பதை இக்கடிதத்துடன் உள்ள சீட்டில் எழுதி, செப்டம்பர் 24ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். பாத்திரங்களில் தவறாமல் பெயர் எழுதி ஒட்டுங்கள். சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில் உரியவர் அறியாமல் தங்கிவிட்ட இரண்டு எவர்சில்வர் தூக்குகள் இன்னும் என் அறை அலமாரியில்தான் இருக்கின்றன; அவற்றுக்கு உரியவர்கள் அன்றைக்காவது வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்