லோரி உந்தத்தை வாங்கும், ஆற்றலை வாங்காது

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே பினாங்கு வருகிறேன் என்கிறாய். சரி, வா. ஆனால் “90-ல் வந்தால் என்ன, 110-ல் வந்தால் என்னம்மா, 20 தானே” என்று போனில் சிரித்தாயே, அதற்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால் பாடம் நடத்துகிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீயும் மோட்டாரும் சேர்ந்து 200 கிலோ என்று வை. வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110-க்குப் போனால் உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது, 22 சதவீதம்தான் கூடும். ஓடுவதால் வண்டிக்கு இருக்கும் இயக்க ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 62,500 ஜூலாக இருந்தது 93,000-ஐத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. நம் பிளாட்டின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம்தான் 90. 110 என்றால் பதினைந்தாம் மாடி.

இனி மோதல். படிவம் நான்கு (பத்தாம் வகுப்பு) பிள்ளைகள் வழக்கமாகக் குழம்பும் இடம் இது. எமர்ஜென்சி லேனில் 20 டன் லோரி ஒன்று பழுதாகி நிற்கிறது. நீ 90-ல் போய் அதன் பின்னால் மோதி ஒட்டிக்கொள்கிறாய் (பெற்றவள் வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பார்). லோரியின் பிரேக்கை மறந்துவிட்டுக் கணக்குப் போடு. மொத்த உந்தம் மாறாது. ஆகவே இரண்டும் சேர்ந்து நகரும் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட வராது. உன் உந்தம் அநேகமாக முழுதும் லோரிக்குப் போய்விட்டது. ஆற்றல் அப்படிப் போகவில்லை. நகர்கிற லோரியோடு மிஞ்சியிருப்பது நூற்றில் ஒரு பங்கு. மற்ற 99 பங்கும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் வளையவும் தகடு நசுங்கவும் சத்தமாகவும் சூடாகவும் அங்கேயே செலவாகிறது. லோரியின் பின்பக்க இரும்பு லேசில் நசுங்காது. அப்படியென்றால் நசுங்குவது யார் பக்கம்? இரண்டு பக்கமும் விசை ஒன்றுதான். 20,000 கிலோவுக்கு அது உறைக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஹெல்மெட். உள்ளே இருக்கும் வெள்ளை நுரை, தான் நசுங்கித்தான் அடியின் ஆற்றலை வாங்குகிறது. ஒருமுறை நசுங்கினால் பழையபடி எழும்பாது. உன்னுடையது ஏற்கெனவே ஒரு விழல் விழுந்தது. வெளியே கீறல் மட்டும்தான் என்று சொல்லாதே. சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் பார்த்துப் புதிதாக வாங்கு, பணம் போட்டுவிட்டேன்.

மெனோரா சுரங்கத்துப் பக்கம் ஏற்றத்தில் லோரிகள் ஊர்ந்துதான் போகும், இடைவெளி விட்டு வா. ஈப்போவில் மழை பிடித்தால் அத்தை வீட்டில் படுத்துக் காலையில் கிளம்பு. அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா