இரண்டாவது டி.டி. ஊசி எந்தத் தேதியில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கான உங்கள் பக்கத்தில் இரும்புச் சத்து மாத்திரை, ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் வந்துவிட்டன. ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) டி.டி. தடுப்பூசி பற்றி ஒரு வரிகூட வரவில்லை. எல்லாப் பெண்களும்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் எதற்கு, எத்தனை, எப்போது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

கர்ப்பம் உறுதியானதும் முதல் ஊசி, 4 வாரம் கழித்து இரண்டாவது. ஒவ்வொன்றும் 0.5 மில்லி, மேற்கைத் தசையில். முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு 3 ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றால் ஒரு ஊக்க ஊசி போதும். முதல் ஊசி உடம்பைத் தயார்படுத்த மட்டுமே. இரண்டாவது போட்டு 2 வாரமாவது ஆனால்தான் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு ஊறி, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். 36 வாரத்துக்குள் முடிக்கச் சொல்வது இதனால்தான். தவறினால் அதற்குப் பிறகும் போட வேண்டும்.

மசக்கைக்குத் தாய் வீடு போனவருக்கு முதல் ஊசி அங்கே போடுவார்கள். இரண்டாவதற்குள் புகுந்த வீடு திரும்பியிருப்பார். ஊசித் தேதி எழுதிய அட்டை அம்மா வீட்டு பீரோவிலேயே கிடக்கும். முதல் ஊசியில் கை வலித்து லேசாகக் காய்ச்சல் அடித்ததால் இரண்டாவதைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. அந்த வலி ஓரிரு நாளில் போய்விடும்.

இப்போது போடும் ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. தமிழில் பழையதும் (TT) புதியதும் (Td) ‘டி.டி.’தான் என்பதால் இந்த மாற்றமே பலருக்குத் தெரியாது.

‘ஆஸ்பத்திரிப் பிரசவம்தானே’ என்ற நம்பிக்கைதான் கவலை தருகிறது. தொப்புள்கொடியைச் சுத்தமாக வெட்டி அனுப்பினாலும், அது காய்ந்து விழும்வரை வீட்டில் வசம்புக் கரி, விளக்கெண்ணெய், சாம்பல் என்று ஏதாவது பூசுகிறார்கள். அந்த வழியாக ரணஜன்னிக் கிருமி உள்ளே போகலாம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பானாலும் ஈரத் தொப்புளில் வைக்கக் கூடாது. எதுவும் பூசாமல் உலர விடுங்கள். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, 3 முதல் 28 நாளுக்குள் வாய் இறுகிக் குடிக்க முடியாமல் போனாலோ, உடம்பு விறைத்துத் தொட்டதும் வெட்டி இழுத்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

2015-இல் தாய் சேய் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்றால், எந்த மாவட்டத்திலும் 1000 பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்றுதான் பொருள். கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் அப்படியே இருக்கிறது.

அடுத்த இதழில் இரண்டு ஊசிகளின் தேதியை எழுதிக்கொள்ள ஒரு சிறு கட்டம் அச்சிடுங்கள். நிரப்பி, செல்போனில் படம் எடுத்துக் கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வைத்தால், எந்த ஊரிலிருந்தாலும் செவிலியரிடம் காட்டலாம்.

இப்படிக்கு,
கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்